பாஸ்பரஸ் 2.6, ‘நார்மல்’னு ரிப்போர்ட். ஆனா கால் வளையுதே?

ஈரோடு அம்மா:
பொண்ணுக்கு ரெண்டே முக்கால் வயசு. நடக்க ஆரம்பிச்சதுல இருந்தே ரெண்டு காலும் வில்லு மாதிரி வளையுது. ரிக்கெட்ஸ்னு (எலும்பு மென்மையாகி வளையுற நோய்) சொல்லி ஆறு லட்சம் யூனிட் வைட்டமின் டி மூணு தடவை கொடுத்தாச்சு. எக்ஸ்ரே அப்படியேதான் இருக்கு. இப்போ வைட்டமின் டி 48, கால்சியம் 9.4, அல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பு நோயில ஏறுற என்சைம்) 1,150, பாஸ்பரஸ் 2.6. மாமியார், “புள்ளைய வெயில்ல காட்டினாத்தானே”ன்னு என்னைத்தான் சொல்றாங்க. இன்னொரு டோஸ் கொடுக்கலாமா?

மதுரை அப்பா:
வேண்டாம்மா. அந்த 2.6-ஐத்தான் பார்க்கணும். லேப்ல அச்சடிச்சிருக்கிற 2.5–4.5 பெரியவங்க அளவு; இந்த வயசுக்குச் சுமாரா 4-க்கு மேல இருக்கணும். எங்க பாப்பாவுக்கும் இந்த ‘நார்மல்’ங்கிற சொல்லாலேயே ஒன்றரை வருஷம் போச்சு.

குழந்தைகள் எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டரைப் பாருங்க. ரத்தத்துலயும் சிறுநீர்லயும் ஒரே நேரத்துல பாஸ்பரஸ், கிரியாட்டினின் எடுத்தா, கிட்னி பாஸ்பேட்டை வெளியே விடுதான்னு கணக்குப் போட்டுடுவாங்க. எங்களுக்கு வந்தது எக்ஸ்.எல்.எச்., அதாவது பரம்பரையா பாஸ்பேட் குறையுற ரிக்கெட்ஸ். பெக்ஸ் ஜீன்ல பழுது, எஃப்.ஜி.எஃப்.23 ஹார்மோன் கூடிப்போய் பாஸ்பேட் சிறுநீர்ல போயிடுது. இதுன்னா வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அத்தைகிட்ட சத்தமாவே சொல்லுங்க.

உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது கால் வளைவு, குட்டை உயரம், சொத்தையே இல்லாத பல்லுல சீழ்? எனக்கு மூணும் உண்டு. பதினாலு வயசுல கால் எலும்பை வெட்டி நேராக்கினாங்க. காரணம் என்னன்னு தெரிஞ்சது மகளை டெஸ்ட் பண்ணினப்போதான்.

ஈரோடு அம்மா:
நான் 4 அடி 8 அங்குலம். சீழ் வச்சு ரெண்டு பல்லு எடுத்திருக்கேன். கையில ஆறு மாசப் பையன் வேற இருக்கான் அண்ணா.

சேலம் அக்கா:
உறுதியானா மருந்து இருக்கு, பயப்படாதீங்க. என் பையனுக்கு ஜூலி கரைசல்னு பாஸ்பேட் மருந்து, அஞ்சு வேளை. கடைசி வேளைக்குத் தூக்கத்துல எழுப்பித்தான் கொடுப்பேன். பாலோட சேர்த்துக் கொடுக்காதீங்க, கால்சியம் பாஸ்பேட்டைப் பிடிச்சுக்கும். பாஸ்பேட் மட்டும் கொடுத்தா பாராதைராய்டு ஹார்மோன் ஏறும்; அதனால கூடவே ஆல்ஃபாகால்சிடால்னு ஆக்டிவ் வைட்டமின் டி வகை மருந்து. கிட்னியில கால்சியம் படியுதான்னு ஸ்கேனும் பார்க்கணும். 2018-ல அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைச்ச புரோசுமாப் ஊசி அந்த எஃப்.ஜி.எஃப்.23 ஹார்மோனையே தடுக்கும். குழந்தைகளுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. விலைதான் எங்களுக்கு எட்டலை.

மதுரை அப்பா:
தங்கச்சி, இந்த ஜீன் பழுது அப்பாகிட்ட இருந்தா மகள்களுக்கெல்லாம் வரும், மகனுக்கு வராது. அம்மாகிட்ட இருந்தா மகனோ மகளோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்க பாஸ்பரஸையும் பாருங்க. பையன் கால் இப்போ நேராத்தான் இருக்கும், அதை நம்பி விட்டுடாதீங்க. பாப்பாவோட அவனையும் தூக்கிட்டுப் போங்க.