குடும்பப் பாடல் ஆல்பம்: குரலையும் கித்தாரையும் சேர்த்துப் பதிவது எப்படி?

கேள்வி: கன்ட்ரி-ஃபோக் பாணியில் வீடு, பெற்றோர், அன்றாட வேலை பற்றிய 10 பாடல்கள். வாசித்துக்கொண்டே பாடிப் பதிய வேண்டும். இரண்டு மைக் வைத்தால் குரல் மெலிந்து, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. ஏன்?

பதில் 1: ஒரே குரல் இரண்டு மைக்கையும் ஓரிரு மில்லிசெகண்ட் இடைவெளியில் அடைகிறது. சேர்க்கும்போது சில அதிர்வெண்களில் இரண்டு பதிவும் ஒன்றையொன்று அழித்துவிடும். முன்னும் பின்னும் மட்டும் ஒலியைப் பிடிக்கும் ஃபிகர்-8 மைக் இரண்டு இருந்தால் நல்லது. அதன் பக்கவாட்டில் ஒலி ஏறக்குறைய விழாது. குரல் மைக்கின் பக்கவாட்டைக் கித்தாருக்கும், கித்தார் மைக்கின் பக்கவாட்டை வாய்க்கும் காட்டுங்கள். கித்தார் மைக் கழுத்திலுள்ள 12ஆம் ஃப்ரெட்டுக்கு (உலோகப் பட்டைக்கு) நேராக, 20–30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் அடித்தொனி பொங்கும்.

ஃபிகர்-8 இல்லையா? நுண்ணொலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் ஒன்றை மட்டும் மார்பு உயரத்தில் அரை மீட்டர் தள்ளி வையுங்கள். குரல் அமுங்கினால் மேலே உயர்த்துங்கள். இந்த வகைப் பாட்டுக்கு என் தேர்வு இதுதான், சமநிலையைப் பாடகரே கையாலும் தொண்டையாலும் பிடிப்பார்.

பதில் 2: இரண்டு மைக் என்றால் ஒன்றின் போலாரிட்டியை (ஒலியலையை மேல்-கீழாக) திருப்பிக் கேளுங்கள், அடித்தொனி எதில் நிறைவாக இருக்கிறதோ அதையே வையுங்கள். பிசகிய சுருதியை மென்பொருளால் திருத்தும் பிட்ச் கரெக்‌ஷன் வேண்டாம். திருத்திய குரலோடு, கித்தார் மைக்கில் கசிந்த திருத்தாத குரலும் சேர்ந்து கேட்கும். பிசகினால் அந்தச் சரணத்தையே மறுபடி பாடுங்கள்.

பதில் 3: கேப்போ (கித்தார் கழுத்தில் கம்பிகளை அழுத்தும் கவ்வி) மாட்டியதும் மறுபடி சுருதி சேருங்கள், அழுத்தத்தில் கம்பிகளின் சுருதி ஏறிவிடும். வினைல் இசைத்தட்டாக வெளியிடும் எண்ணமிருந்தால் ஒரு பக்கம் 20 நிமிடத்தை ஒட்டி நிற்கட்டும். நீண்டால் ஒலியளவைக் குறைத்தே தட்டில் பள்ளம் வெட்ட வேண்டிவரும்.