இரண்டாவது கேள்வி கேட்டதும் மாறிய பதில்கள்

கருத்துக்கணிப்பு வேலைக்காகப் பல வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். வெளிநாட்டு வணிகம் பற்றிய கேள்வித்தாளோடு போனபோது நடந்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் அவர். இறக்குமதிப் பொருளுக்கு வரியைக் கூட்டலாமா என்று வாசித்தேன். "கூட்டணும் தம்பி, தாராளமா கூட்டணும்" என்றார். யோசிக்கவே இல்லை. அடுத்த கேள்வி, அதனால் விலை ஏறினாலும் ஆதரிப்பீர்களா என்பது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, "இந்த வரியை யாருப்பா கட்டுறது? அந்த நாட்டுக்காரனா, நாமளா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். சுங்கத்தில் பணம் கட்டுவது இறக்குமதி செய்பவர்தான். பெரும்பாலும் அது விலையில் ஏறி வாங்குபவர் தலையில் வந்து விழும். ஆனால் எங்கள் வேலையில் கேள்வியை மறுபடி வாசிக்கலாம், விளக்கக் கூடாது. விளக்கினால் என் கருத்து அவர் பதிலில் கலந்துவிடும். அதனால் மறுபடி வாசித்தேன். அவர் மகன் வேலை பார்க்கும் பட்டறைக்கு உதிரிபாகங்கள் வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றனவாம். "அப்ப முதல்ல சொன்னதை அடிச்சிரு தம்பி" என்றார். முடிந்துபோன கேள்வியைத் திருத்த எனக்கு அனுமதி இல்லை. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பதில்களும் அப்படியே பதிவாகின.

இப்படிப்பட்ட முரணைக் காட்டி "மக்களுக்கு ஒன்றும் புரிவதில்லை" என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. புரிந்ததால்தானே அவர் மாற்றிச் சொன்னார்?

பதில்:
நான் கதவுக்கு உள்ளே நின்று பதில் சொன்னவள். என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். நமக்கு ஆபத்து வந்தால் கூட்டணி நாடுகள் துணைக்கு வர வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? "அவங்களுக்கு ஆபத்துன்னா நாம போகணுமான்னு கேள்வி இருக்காம்மா?" என்றேன். வந்த பெண் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இல்லக்கா" என்றாள்.

பிறகு நானே தேடிப் படித்தேன். அமெரிக்காவின் கருத்துக்கணிப்பு நிறுவனமான பியூ ஆய்வு மையம், நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியில் (அமெரிக்காவும் கனடாவும் பல ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்தது) உள்ள 16 நாடுகளில் அதைக் கேட்டு 2020இல் முடிவை வெளியிட்டிருந்தது. ரஷ்யா ஓர் உறுப்பு நாட்டோடு மோதினால் தங்கள் நாடு படையோடு போக வேண்டும் என்றவர்கள், இடைநிலை அளவில் (நாடுகளின் அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 38 சதவீதம். வேண்டாம் என்றவர்கள் 50. அமெரிக்கா போகும் என்று நம்பியவர்களோ 60! இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேட்டோவை உருவாக்கிய 1949 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவே, ஒருவர் மேல் விழும் அடி எல்லார் மேலும் விழுந்த அடி என்று சொல்லிவிட்டு, அவசியம் என்று தனக்குப் படுவதை ஒவ்வொரு நாடும் செய்யட்டும் என்றுதான் விட்டிருக்கிறது.

பதில்:
அக்கா, கேள்வி மாறாமலே பதில் மாறியதும் உண்டு. பின்லாந்தில் பல ஆண்டுகளாக நேட்டோ வேண்டாம் என்றவர்களே அதிகம். ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை உள்ள நாடு அது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்ததும் சில வாரங்களிலேயே எல்லாம் தலைகீழ். 2023 ஏப்ரலில் சேர்ந்தேவிட்டார்கள்.

அந்த இரண்டாவது கேள்வியை உங்கள் தம்பியிடம் கேட்டீர்களா? என்ன சொன்னார்?