ரெஃப்ரெஷர் வகுப்பில் நடந்தது, இன்னும் மனதை அரிப்பது: இன்ஸூரன்ஸில் ரிஸ்க்கை எடைபோட்டு ரேட் வைக்கும் அண்டர்ரைட்டிங்காரர்கள் எழுதுங்கள்

திருவொற்றியூர் வாசி:
தம்பு செட்டித் தெருவில் வகுப்பு. வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் பயிற்சி காட்ட வேண்டும் என்று ஆபீஸ் சொல்லும், போவோம். காலை முழுக்க ஸ்லைடுதான். சாப்பாட்டுக்கு அப்புறம் கிளெய்ம் வந்தால் நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர், ரிட்டயர்டு ஆனவர் ஒருவர் வந்தார். எர்ணாவூர் குடோன் போட்டோ ஒன்றைக் காட்டி, "இந்த ரிஸ்க்கை எடுப்பீங்களா?" என்றார். எங்கள் ஃபைலில் இருந்த போட்டோதான். வேறு கம்பெனியிலிருந்து எங்களுக்கு வந்த பிசினஸ். ஆளாளுக்கு ரேட் சொன்னோம்.

"சுவத்துல இடுப்பளவுக்குக் கறுப்பா ஒரு கோடு இருக்கே, என்னது?"

"பெயின்ட் பார்டர் சார்" என்றது முன்வரிசை.

"மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணெய் மிதந்து வந்துச்சே, அது நின்ன மட்டம்."

அப்போதுதான் பார்க்கிறோம், வாசலில் ஒரு படிகூட இல்லை. ரோடு மேல் ரோடு போட்டு, குடோன் தரை பள்ளத்தில் கிடக்கிறது. புரபோசலில், அதாவது பாலிசி கேட்கும் விண்ணப்பத்தில், மூன்று வருஷக் கிளெய்ம்: 'நில்', ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் 'குட்'. அதை எழுதியவர் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். கீழே விழாத பேனாவைக் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

பாரிமுனை புரோக்கர்:
சர்வேயருக்கு என்ன சார், தண்ணி வடிந்த பிறகு வந்து கோட்டைக் காட்டுவார். மாசக் கடைசியில் பிரீமியம் டார்கெட்டோடு உட்கார்ந்து போட்டோ பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், வருஷாவருஷம் வகுப்பு என்று நீங்கள் அலுத்துக்கொள்வது கம்பெனி வைத்த விதி. அண்டர்ரைட்டருக்குத் தனி லைசென்ஸே இங்கே கிடையாது. 2018 விதிப்படி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் ரினியூவலுக்கு 25 மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது புரோக்கர்களான எங்களுக்குத்தான்.

என் கதை சின்னது. ஆன்லைன் வகுப்பில் ஒருத்தர் கேமராவை விட்டத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பயிற்சியாளர் கேட்டார்: "சார், உங்க ஃபேன் ஒருத்தர்தான் கடைசி வரைக்கும் கவனிச்சாரு. சர்டிஃபிகேட்டை அவர் பேர்ல போடட்டுமா?" சர்டிஃபிகேட் மனுஷன் பேரில்தான் வந்தது. அதுதான் உறுத்துகிறது.

ராயபுரம் அக்கா:
எனக்கு நடந்தது இரண்டு வரி. ஃபெலோஷிப் முடித்த சீனியர் ஒருவர், "டாரிஃப் புக்கில் பார்" என்றார். வகுப்பே சிரித்தது. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே ரேட் என்று கட்டிப்போட்ட அந்த ஃபயர் டாரிஃப் விலக்கப்பட்டது 2007 ஜனவரியில்.

தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். இன்ஸூரன்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோஷிப் எல்லாம் எழுதுங்கள், நல்லதுதான். ஆனால் பாஸ் செய்த வருஷத்தோடு அறிவு நின்றுபோகிறது. 2021 ஏப்ரலில் ஃபயர் பாலிசி மாறியது. ஒரே இடத்தில் 5 கோடி வரை சொத்து என்றால் 'சூக்ஷ்ம உத்யம்' பாலிசி, அதற்கு மேல் 50 கோடி வரை 'லகு உத்யம்' பாலிசி. வெள்ளம் உள்ளேயே அடக்கம். மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தாலும் 15 சதவீதம் வரை கண்டுகொள்ளக் கூடாது. இதை இன்னும் பழைய ஆவரேஜ் கணக்கில், அதாவது மதிப்பு குறைந்த அதே விகிதத்தில் கிளெய்ம் பணத்தைக் குறைத்து, பிடித்தம் செய்ய நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பாலிசி வேர்டிங்கை வரி வரியாகப் படியுங்கள். மணலி எக்ஸ்பிரஸ் சாலை, மாதவரம், செங்குன்றம் குடோன்களை மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், எந்த வருஷம் எவ்வளவு தண்ணி நின்றது என்று அவர் சொல்லிவிடுவார். இன்னொன்று, சரக்கைத் தரையில் அடுக்கியிருக்கிறார்களா, பலகை மேலா என்று...

திருவொற்றியூர் வாசி:
அக்கா, யாரும் அட்வைஸ் கேட்கவில்லை. வாட்ச்மேன் யோசனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

காசிமேடு பையன்:
அதெல்லாம் சரி தல, அந்த எர்ணாவூர் ஃபைல் என்ன ஆச்சு?

திருவொற்றியூர் வாசி:
ரினியூ ஆகிவிட்டது. அதே ரேட். இந்தத் தடவை புதுப் போட்டோ, சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள்.