ஓ.டி.ஐ. மாதிரி ஊர்களுக்கிடையில பாட்டுப் போட்டி: புள்ளி முறை, பக்கவாத்தியம் எப்பிடி?

குளக்கட்டு (கிளிநொச்சி):
ஸ்பானிய, போர்த்துக்கேய மொழி பேசுற நாடுகளுக்கு 1972இல தொடங்கி 2000 வரைக்கும் டிவியில நடந்த ஓ.டி.ஐ. பாட்டுப் போட்டியைப் பாத்து, 9 சனசமூக நிலையங்களுக்கிடையில ஒண்டு வைக்க யோசிக்கிறம். பரந்தன், முழங்காவில், துணுக்காய், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கமெல்லாம் வரும். ஊருக்கு ஒரு புதுப்பாட்டு. நடுவர்மார் தங்கட ஊரிலயே இருந்து போனில புள்ளி சொல்லவேணும். எங்க பிழைக்கும்? பக்கவாத்தியம் நேரடியாவோ, முன்னமே பதிஞ்ச இசையோ (ட்ராக்)? வெண்ட ஊர்தான் அடுத்தமுறை நடத்தவேணும் எண்டு விதி போடலாமோ?

பழைய ரேடியோ:
கடைசிக் கேள்விக்கு முதல்ல. போடாதேங்கோ. ஓ.டி.ஐ.யும் தொடக்கத்தில அப்பிடித்தான் போனது. 1972 மத்ரிட்டில பிரேசில் வெண்டது, 1973 போட்டி பிரேசிலின்ர பெலோ ஒரிசோந்தேயில. அங்க மெக்சிக்கோ வெண்டது, 1974 போட்டி மெக்சிக்கோவின்ர அகாபுல்கோவில. 1977இல நிக்கராகுவா வெண்ட உடன சங்கிலி அறுந்துபோச்சு. அங்க உள்நாட்டுப் போர் மூண்ட நேரம். 1978 போட்டி சிலியின்ர சந்தியாகோவுக்குப் போனது. மண்டபமும் கரண்டும் இல்லாத ஊர் வெண்டா நீங்களும் அந்த இடத்திலதான் நிப்பியள். நடத்திற இடத்தைத் தனியாத் தீர்மானியுங்கோ.

இன்னொண்டு, அது பாடகருக்கான போட்டியில்லை, பாட்டுக்கான போட்டி. 1977இல வெண்ட அந்தப் பாட்டைப் பாடினவர் எடுவார்டோ கொன்சாலஸ், இயற்றினவர் கார்லோஸ் மெஹீயா கொடோய். மேடையில பாட்டெழுதினவர், மெட்டுப் போட்டவர் பேரையும் கட்டாயம் வாசிக்கவேணும். எங்கட பக்கம் அதைத்தான் முதல்ல விடுறது.

புள்ளி விசயத்தில அவையின்ர பிந்தின வழியை எடுக்காதேங்கோ. 70களில புள்ளிகள் எல்லாருக்கும் தெரிஞ்சுது. பிறகு மண்டபத்துக்குள்ள ஒரு நடுவர்குழு இருந்து, முதல் 3 இடத்தை மட்டும் அறிவிக்கிற முறை வந்தது. நாலாவதா வந்ததோ கடைசியா வந்ததோ எண்டு தோத்தவைக்குத் தெரியாது. வன்னியில அப்பிடிச் செய்தா அடுத்த வருசம் பாதி ஊர் எட்டியும் பாக்காது.

கணக்கப்பிள்ளை:
ஊருக்கு 5 நடுவர். தங்கட ஊரை விட்டுட்டு மற்ற 8 பாட்டையும் ஒவ்வொருத்தரும் தனித்தனியா 1 முதல் 8 வரை வரிசைப்படுத்தவேணும். கதைச்சுப் பேசி முடிவெடுக்க விட்டா, குரல் பெரிய ஆள் சொல்லுறதுதான் நடக்கும். ஐந்து தாளையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைஞ்ச பாட்டுக்கு 5 புள்ளி, பிறகு 4, 3, 2, 1.

ஒரு ஊர் குடுக்கிறது 15. 9 ஊருக்கும் 135. பலகையில கடைசிக் கூட்டுத்தொகை 135 வராட்டி போனில பிழையாக் கேட்டிருக்கு, அறிவிக்காமல் நிப்பாட்டுங்கோ. சமன் வந்தா ஆருக்குக் கூட 5 விழுந்தது எண்டு பாருங்கோ. அதுவும் சமனெண்டா எத்தினை ஊர் புள்ளி போட்டது எண்டு பாக்கலாம். இதைப் போட்டிக்கு முதலே எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ.

புள்ளித்தாளைப் படமெடுத்து வாட்ஸப்பில அனுப்பினபிறகுதான் அந்த ஊரைக் கூப்பிடவேணும். முதல் சொன்ன ஊர்களின்ர புள்ளியைக் கேட்டுட்டுத் தங்கட தாளை மாத்திற வேலை அப்ப நடக்காது. அடுத்தநாள் எல்லாத் தாளையும் வாசிகசாலைப் பலகையில ஒட்டுங்கோ.

குளக்கட்டு:
நடுவர்மார் பேஸ்புக் நேரலையில பாத்தாக் காணுமோ?

மிக்சர் மாமா:
காணாது. துணுக்காய்ப் பக்கம் சிக்னல் விழுந்தா ஒரு பாட்டு முழுக்கப் போயிடும், அந்த ஊருக்கு அநியாயம். பின்னேரம் முழு ஒத்திகையையும் மிக்சரிலயிருந்து பதிஞ்சு, ஒலிக்கோப்பை எல்லா ஊருக்கும் அனுப்புங்கோ. அதைக் கேட்டுத்தான் புள்ளி. ஐரோப்பிய நாடுகளின்ர பாட்டுப் போட்டியான யூரோவிஷனிலயும் நடுவர்மார் போட்டிக்கு முதல்நாள் ஒத்திகைக்குத்தான் புள்ளி போடுறவை.

பக்கவாத்தியம் நேரடியா, எல்லாருக்கும் ஒரே குழு. ஓ.டி.ஐ.யில வாத்தியக்குழு பொது, நடத்துநரை நாடுகள் கொண்டுவரும். ட்ராக் எண்டா ஒண்டு ஸ்டூடியோவில செய்தது, மற்றது போனில பதிஞ்சது. சத்த அளவைச் சமப்படுத்தினாலும் தரம் சமனாகாது. கீபோர்ட், பேஸ் கிட்டார், ட்ரம்ஸ், தபேலா, கூடப்பாட ரெண்டு பேர் காணும். 2 கிழமைக்கு முதல் ஒவ்வொரு ஊரும் சுருதியும் கோர்ட்ஸும் எழுதின தாள் தரவேணும்.

கீபோர்ட்காரர் சுருதி மாத்திற ட்ரான்ஸ்போஸ் பட்டனை +2இல வைச்சு ஒரு பாட்டு வாசிச்சுட்டு, திருப்பி 0க்குக் கொண்டுவர மறப்பார். அடுத்த பாட்டில பேஸ் ஒரு சுருதி, கீபோர்ட் இன்னொரு சுருதி. அதைப் பாக்கவெண்டே ஒராள் பக்கத்தில நிக்கட்டும்.

பாட்டு மூண்டரை நிமிசம், மாறுறதுக்கு 2 நிமிசம் எண்டா 9 பாட்டும் 50 நிமிசத்துக்குள்ள முடியும். பறை வாசிக்கிற ஊர் இருந்தா பாடுறவரிலயிருந்து 3 மீற்றராவது தள்ளி நிப்பாட்டுங்கோ. கிட்ட நிண்டா பாடகரின்ர மைக்கிலயே பறை ஏறி, குரலைக் கூட்ட ஏலாமல் போகும். டிஜிட்டல் மிக்சர் எண்டா அதுக்கு மட்டும் ஒரு சின்ன யு.பி.எஸ். குடுங்கோ. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறேக்க மிக்சர் திரும்ப எழும்புறதுக்கே ஒரு நிமிசம் போயிடும். லைற்றையும் சவுண்டையும் ஒரே வயரில இழுத்தா ஸ்பீக்கரில இரைச்சல் வரும், தனித்தனியா இழுக்கச் சொல்லுங்கோ.