சாக்கெட் – தமிழில் என்ன சொல்லலாம்? திங்கள் காலை அச்சுக்குப் போகிறது

தண்டையார்பேட்டையிலிருந்து, வெள்ளி இரவு

அன்புள்ள குழுவினருக்கு,

சி மொழியில் வலையமைப்பு நிரல் எழுதக் கற்றுத்தரும் கையேடு ஒன்று முடியும் தறுவாயில் இருக்கிறது. மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் டிப்ளமா படிப்பவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. பாயின்டரையும் நினைவகத்தையும் எப்படியோ தாண்டி வந்துவிட்டோம். அடுத்த பாடத்தின் தலைப்பே சாக்கெட்தான்; இரண்டு நிரல்கள் வலை வழியே பேசிக்கொள்ள ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது. அங்கேதான் நிற்கிறேன்.

வழங்கி (சர்வர்), நுகர்வி (கிளையன்ட்), கோப்பு, இணைப்பு எல்லாம் பழகிவிட்டன. கணினிக்கு வரும் செய்தி எந்த நிரலுக்கு என்று காட்டும் எண்ணான போர்ட்டுக்குத் 'துறை' போட்டிருக்கிறேன். சாக்கெட்டுக்குக் கையில் இருப்பவை பொருத்துவாய், செருகுவாய், குதைகுழி. மூன்றையும் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். 'செருகுவாய்' என்றதும் ஒரு பையன் மேசைக்கடியில் பிளக் பாயின்ட்டைத் தேடினான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல் அங்கேதான் அனுப்புகிறது.

அச்சகத்தார் திங்கள் காலை கோப்பைக் கேட்கிறார்கள். ஞாயிறு இரவுக்குள் ஒரு சொல் கிடைத்தால் பிள்ளைகள் சார்பில் நன்றி.

திருவொற்றியூரிலிருந்து

ஐயா, வணக்கம். ஒரு சொல்லைத் தமிழாக்குமுன் அது பிறந்த இடத்தைப் பார்த்துவிடுவது என் வழக்கம். ஆங்கிலத்துக்குச் சாக்கெட் நார்மன் பிரெஞ்சு வழியாக வந்தது. வேர்ச்சொல் 'சாக்', பொருள் ஏர்க்கொழு. சிறு கொழுவைப் போன்ற வேல்முனையைக் குறித்த சொல், பின்னர் காம்பு நுழையும் குழிக்கு ஆகிவந்தது. ஆகவே நாம் வாயையும் குழியையும் விட்டுக் கொழுவுக்கே போகவேண்டும்.

கொழு நமக்குப் புதிதன்று. நூலுக்கு முன் பாயிரம் எதற்கு என்று கேட்டால், 'கொழுச் சென்றவழித் துன்னூசி இனிது செல்லுமாறு போல' என்பர் பழைய உரைகாரர். கொழு முன்னே போய்த் துளை செய்கிறது. நூல் கோத்த ஊசி பின்னே தடையின்றிப் போகிறது. தாங்கள் கற்பிக்கும் பொருளும் இதுவே அல்லவா? முதலில் சாக்கெட் திறக்கிறது, தரவு பின்னால் வருகிறது. ஆகவே 'தொடர்கொழு' என்பது என் முன்மொழிவு. ளகரம் போட்டுக் 'கொளு' என்று அச்சிட்டுவிட வேண்டாம். அது புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூலில் துறையின், அதாவது பாட்டுச் சூழலின், கருத்தைச் சுருங்கச் சொல்வது. தாங்கள் போர்ட்டுக்கும் துறை என்று வைத்திருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

பெரம்பூரிலிருந்து

ஐயா, வேர் ஆராய்ச்சியை ரசித்துப் படித்தேன். ஆனால் கணினிக்குள் இந்தச் சொல் வந்த பாதையில் ஏர் எங்கும் வரவில்லை. இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில், 1971இல், சாக்கெட் என்றால் என்ன என்று வரையறுக்கவே ஆர்.எஃப்.சி. 147 என்ற தொழில்நுட்ப ஆவணம் எழுதப்பட்டது. அங்கே அது 32 பிட் எண். இரட்டைப்படை என்றால் பெறுவதற்கு, ஒற்றைப்படை என்றால் அனுப்புவதற்கு. 1981இல் இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டி.சி.பி.யை விவரித்த ஆர்.எஃப்.சி. 793இல் பொருள் மாறிவிட்டது: முகவரியும் துறை எண்ணும் சேர்ந்தது ஒரு சாக்கெட், இரண்டு சாக்கெட் சேர்ந்தது ஓர் இணைப்பு. 1983இல் பெர்க்லியின் 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸ் வெளிவந்தபோது அது நிரல் கையில் பிடித்துக்கொள்ளும் பொருளாகவே ஆகிவிட்டது.

நம் பிள்ளைகள் எழுதப்போவது இந்த மூன்றாவதை. சாக்கெட் என்ற செயற்கூற்றை அழைத்தால் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, ஒரு சிறு முழு எண்ணைத் திருப்பித் தருகிறது. உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி ஆகியவை 0, 1, 2 என்று முன்பே இடம்பிடித்திருப்பதால் முதல் சாக்கெட் பெரும்பாலும் 3. அந்த 3இல் எந்தக் குழியும் இல்லை, எதையும் செருகுவதும் இல்லை. ஒரு தொடர்பின் இந்தக் கடைசி நம் கையில், அந்தக் கடைசி எங்கோ இருப்பவர் கையில். எனவே 'முனை' போதும். தேவைப்பட்டால் 'தொடர்புமுனை'.

ராயபுரத்திலிருந்து

செம்புதாஸ் தெருவில் போய்ச் சாக்கெட் கேட்டால் இரண்டு பைப்பை இணைக்கும் துண்டைத் தருவார்கள். எலெக்ட்ரீஷியன் சுவரைக் காட்டுவார். மெக்கானிக் ஸ்பேனர் பெட்டியைத் திறப்பார். ஒரே சொல் மூன்று தொழிலில் சண்டையில்லாமல் ஓடுகிறது, நான்காவதாக நிரலரும் அதே சொல்லைப் புழங்கினால் என்ன கெட்டுவிடும்?

இலக்கணம் கேட்பவர்களுக்கு: 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ, எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே.' வெளியிலிருந்து வரும் சொல் நம் எழுத்தில் அடங்கினால் அது நம் சொல். சகரத்துக்கு மொழிமுதலில் தொல்காப்பியர் விலக்கியது அ, ஐ, ஔ மூன்றை மட்டும், சாகாரத்துக்குத் தடையில்லை. இறுதியில் டகர மெய் நிற்காது, அதற்கு ஓர் உகரம் கொடுத்தால் 'சாக்கெட்டு'. அருமையான வன்றொடர்க் குற்றியலுகரம். சாக்கெட்டை, சாக்கெட்டுக்கு, சாக்கெட்டுக் கோப்பு என்று வேற்றுமையும் புணர்ச்சியும் தானாக வந்து சேர்கின்றன.

இன்னொன்றும் உண்டு. நிரல் உடைந்தால் திரையில் வரும் பிழைச்செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். பிள்ளை அதைப் படித்துத் தேட வேண்டியவன். முனை என்று மட்டும் தெரிந்தவன் இரவு பதினொரு மணிக்கு என்னவென்று தேடுவான்?

திருவொற்றியூரிலிருந்து

> வெளியிலிருந்து வரும் சொல் நம் எழுத்தில் அடங்கினால் அது நம் சொல்.

ராயபுரத்துத் தம்பிக்கு: 'ஒரீஇ' என்றால் நீக்கி. அயல் எழுத்தை நீக்கிய பிறகுதான் உள்ளே வர இசைவு. அந்த நூற்பா புலவர் செய்யுளில் எடுத்தாளும் சொல்லுக்கு ஒரு வரம்பு கட்டுகிறது. எந்தப் பொருளுக்கும் பெயர் வைக்காமல் காலம் தள்ளலாம் என்று அது சொல்லவில்லை. 'பேருந்து' என்ற சொல் வந்தபோது நகைத்தவர்கள் உண்டு. இன்று ஊர்தோறும் பலகையில் பேருந்து நிலையம் என்றுதான் எழுதியிருக்கிறது. இரவு பதினொரு மணிக்குத் தேடுபவனுக்காக ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் ஒருமுறை தந்துவிட்டால் போயிற்று. பெயர்ச்சொல்லாக ஆள்வது தமிழாக இருக்கட்டும்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

இவ்வளவு பேரும் சுற்றி வந்தும் 'வாயில்' என்ற சொல்லை ஒருவரும் தொடவில்லையே! இல்வாய் என்பது முன்பின்னாக மாறி வாயில் ஆயிற்று. முன்றில் போல இலக்கணப்போலி. எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அகத்திணையில் வாயில் என்றால் கதவு மட்டும் இல்லை. தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே செய்தி கொண்டுபோகும் பாணனும் விறலியும் பாங்கனும் வாயில்கள். இரண்டு பேர் நேரே பேச முடியாத இடத்தில் நடுவே நின்று பேச்சை நடத்தித் தருபவர்கள். சாக்கெட் செய்யும் வேலை இதைத் தவிர வேறென்ன?

மேலே பாருங்கள். அகப்பாட்டில் 'வாயில் நேர்தல்', அதாவது தூது வந்தவரை ஏற்பது, என்று ஒரு துறை உண்டு. வந்த இணைப்பை ஏற்கும் அக்செப்ட் அதுதான். 'வாயில் மறுத்தல்' இன்னொரு துறை. கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு என்று திரையில் வருகிறதே, அதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உள்ள சொற்கள் சும்மா கிடக்கின்றன, நாம் புதிதாக முனை சீவிக்கொண்டிருக்கிறோம். இணைப்பை எதிர்பார்த்து நிற்கும் லிசனுக்குச் 'செவிமடு', சாக்கெட்டைத் துறை எண்ணோடு கட்டும் பைன்டுக்குப் 'பிணை' என்று வைத்தால் பாடம் முழுக்க ஒரே ஓட்டமாக வரும்.

பெரம்பூரிலிருந்து

படித்ததும் புல்லரித்தது, மறைக்கவில்லை. ஆனாலும் மூன்று தடை.

ஒன்று, கணினிப் போர்ட் என்பது கப்பல் நிற்கும் துறைமுகத்திலிருந்து வரவில்லை; நுழைவழி என்ற பொருளுள்ள லத்தீன் 'போர்ட்டா'விலிருந்து வந்தது. காசிமேட்டையும் எண்ணூரையும் பார்த்து வளர்ந்த நமக்குத் துறை இனிக்கும், எனக்கும் இனிக்கிறது. ஆனால் வாயில் என்ற சொல்லை யாருக்காவது கொடுப்பதென்றால் முதல் உரிமை போர்ட்டுக்குத்தான். இரண்டு, ஒரு வலையை இன்னொரு வலையோடு இணைக்கும் கேட்வேக்கு ஏற்கெனவே நுழைவாயில் இருக்கிறது. ஒரே பக்கத்தில் வாயிலும் நுழைவாயிலும் வந்தால் மாணவர் பாடு திண்டாட்டம். மூன்று, மறுத்தல் என்றால் வீட்டில் ஆள் இருந்து மறுக்க வேண்டும். டி.சி.பி.யில் அந்தச் செய்தி பெரும்பாலும் வருவது அந்தத் துறையில் யாருமே செவிமடுக்காதபோது. நிரலே இல்லை, கெர்னல்தான் தானாக, இணைப்பை முறிக்கும் ஓர் ஆர்.எஸ்.டி. பொட்டலத்தைத் திருப்பி அனுப்புகிறது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

அம்மா, மூன்றாவது தடை எனக்குத்தான் சாதகம். தலைவி வாய் திறக்காமலே தோழி வாயில் மறுப்பாள். அந்தத் துறையில் எத்தனையோ பாட்டு தோழி கூற்றுதான். கெர்னல்தான் தோழி! முதல் இரண்டு தடைக்கும் விடை யோசித்து நாளை எழுதுகிறேன்.

காசிமேட்டிலிருந்து, சனி இரவு

வணக்கம். நான் தண்டையார்பேட்டை சார் வகுப்பில் படிக்கிறவன். சார்தான் இங்கே எழுதச் சொன்னார்.

எந்தப் பேர் வெச்சாலும் நாங்க படிச்சுக்குவோம் சார். எங்களுக்குக் குழப்பம் வேற இடத்துல. லிசன் போட்டது ஒரு சாக்கெட். அக்செப்ட் கூப்பிட்டா அது இன்னொரு சாக்கெட்டைக் கொடுக்குது. ரெண்டுக்கும் ஒரே பேர். முதல்ல இருக்கிறதுல ரிசீவ் கூப்பிட்டா ஒண்ணும் வராது, எரர்தான் வரும். ஏன்னு புரியவே ரொம்ப நேரம் ஆகுது. வாசல்ல நிக்கிறவர் வந்தவரை உள்ளே ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சுட்டு மறுபடி வாசலுக்கே போயிடுறார், பேசுறது உள்ளே இருக்கிறவர்தான்னு சார் சொன்னப்புறம்தான் விளங்குச்சு. அந்த ரெண்டுக்கும் வேற வேற பேர் இருந்தா நல்லா இருக்கும்.

பெரம்பூரிலிருந்து

இந்தக் கேள்வியோடு இழையே தொடங்கியிருக்க வேண்டும். தம்பி சொல்வது ஆங்கிலத்திலேயே இருக்கும் குறை. தமிழில் நாம் தீர்த்து வைக்கலாம். வருபவரை எதிர்பார்த்து நிற்பது 'கேட்குமுனை', தரவு போய்வருவது 'பேசுமுனை'. ஒரு கேட்குமுனையிலிருந்து எத்தனையோ பேசுமுனை பிறக்கலாம். கேட்குமுனையை மூடினாலும் பிறந்தவை தொடர்ந்து பேசும். கொழு, சாக்கெட்டு, வாயில் மூன்றிலும் இப்படி அடைமொழி சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், முனைக்கு ஒட்டுவது போல ஒட்டாது.

கையேட்டில் பைட் வரிசைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள் ஐயா. துறை எண் 8080 என்பது 31, 144 என்ற இரண்டு பைட். பெரிய பைட் முன்னே போவதுதான் வலையின் வழக்கம், நம் மேசைக்கணினிகள் பெரும்பாலும் சிறியதை முன்னே வைப்பவை. மாற்றாமல் அப்படியே பைன்ட் செய்தால் வழங்கி 36895இல் போய் உட்கார்ந்துகொள்ளும். நுகர்வி 8080இல் தட்டிக்கொண்டே இருக்கும். நிரல் பிழையே காட்டாது. சாக்கெட்டுக்குச் சொல் தேடிய நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

திருவொற்றியூரிலிருந்து

'கேட்குமுனை' பெயரெச்சத் தொடர். வினைத்தொகையாக்கினால் கேள் + முனை = 'கேண்முனை'. நாள் + மலர் = நாண்மலர் போல. கேள் என்பதற்கு உறவு என்றும் பொருள். 'யாவரும் கேளிர்' நினைவுக்கு வரட்டும். கேண்மையும் அதே வேர். வருகின்ற யாரையும் உறவாக ஏற்கும் முனை! கொழுவை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் முனைதான் என்று முடிவானால் கேண்முனை என்றாவது அமையட்டும்.

காசிமேட்டிலிருந்து

ஐயா, அர்த்தம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா முதல் தடவை படிக்கும்போது கேணி முனைன்னு படிச்சுட்டேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து, ஞாயிறு இரவு

அனைவருக்கும் நன்றி. தனி மடலில் கருத்துச் சொன்னவர்களையும் சேர்த்துப் பார்த்தால் முனைக்கு ஆதரவு கூடுதல். முழு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். பலர் 'இதோடு முடித்துக்கொள்வோம்' என்றுதான் எழுதியிருந்தார்கள்.

அச்சுக்குப் போவது இது: பாடத் தலைப்பு 'முனைகள்'. முதல் பத்தியில் இதைத்தான் சாக்கெட் என்கிறார்கள் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு கேட்குமுனை, பேசுமுனை. பிழைச்செய்திகள் திரையில் வருகிறபடியே, பக்கத்தில் தமிழ் விளக்கம். போர்ட் துறையாகவே இருக்கும். லத்தீன் எப்படியானாலும் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. வாயில் மறுத்தலை ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்திருக்கிறேன். அதை விட மனம் வரவில்லை. பைட் வரிசைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியாகிவிட்டது.

ராயபுரத்திலிருந்து

என் மறுப்பைப் பதிவு செய்துவைக்கிறேன். டெர்மினல் முனையம். எண்ட்பாயின்ட் என்று ஒன்று வரப்போகிறது, அதுவும் முனை என்றுதான் ஆகும். அதற்கு மேல், யுனிக்ஸ் டொமைன் சாக்கெட் என்பது ஒரே கணினிக்குள் இரண்டு நிரல் பேசிக்கொள்வது. அதற்கு முகவரி ஒரு கோப்புப் பாதை, துறை எண்ணே கிடையாது. அந்தப் பாடம் வரும்போது டொமைனைக் களமாக்கி 'யுனிக்ஸ் களமுனை' என்று எழுதப்போகிறீர்களா? போர்க்களம் என்று நினைத்துக்கொள்வான் பையன். சாக்கெட்டு என்று வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

திருவொற்றியூரிலிருந்து

களமுனை நல்ல சொல்தானே, தம்பி? அடுத்த பதிப்புக்குத் தொடர்கொழுவை விரிவான சான்றுகளோடு மீண்டும் அனுப்புவேன்.