ஞாயிறு சாப்பாடு

கோவில்பட்டி வீடு (குடும்ப அரட்டைக் குழு) – வியாழன் மாலை

மீனா: அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஹெச்பிஏ1சி 8.4. போன தடவை 7.1. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்றுதான் கணக்கு. இது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, முந்தின நாள் பட்டினி கிடந்து குறைத்துக் காட்ட முடியாது.

கண்ணன்: ஐயோ

சித்தி: முருகா. தலைசுற்றல் ஏதும் இருக்கிறதா

அப்பா: நான் நல்லாத்தான் இருக்கிறேன்

கண்ணன்: அப்போ ஞாயிறு பிரியாணி?

மீனா: அதைத்தான் சொல்ல வந்தேன். அப்பா பிறந்தநாளுக்குக் கேட்டரிங் வேண்டாம், வீட்டிலேயே சமைப்போம். அன்றைக்கு மட்டுமில்லை, இனி தினமும் இப்படித்தான். சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. இப்போது அப்பா தட்டில் சோறு மலை மாதிரி, பொரியல் ஊறுகாய் மாதிரி. அதை மாற்ற வேண்டும். பாதித் தட்டு காய், கால் பங்கு சோறு, மீதிக் கால் பங்கில் பருப்போ மீனோ முட்டையோ. அவரை, புடலை, கொத்தவரை, கீரை எல்லாம் சரி. உருளைக்கிழங்கு காய்க் கணக்கில் வராது. எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்ற வேண்டும். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்றார் டாக்டர். நம் வீட்டில் இரண்டு பேருக்கு மூன்று லிட்டர் போகிறது.

சித்தப்பா: கேழ்வரகுக் கூழ் கொடு. எங்கள் அப்பா 85 வயசு வரை அதில்தான் இருந்தார்

மீனா: தாத்தா பொழுது விடிந்ததும் காட்டுக்குப் போய்விடுவார் சித்தப்பா. அப்பா வாசலைத் தாண்டுவதில்லை. கேழ்வரகும் மாவுச்சத்துதான், கூழாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். முருங்கைக்கீரை நிறையப் போட்டு அடையாகத் தட்டினால் இரண்டு சாப்பிடலாம். குதிரைவாலியும் தீட்டாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

சித்தப்பா: காடு என்றதும் ஞாபகம் வந்தது. அண்ணே, வடக்குக் காட்டுப் பட்டா என்ன ஆச்சு

அப்பா: நேரில் பேசலாம்

சித்தப்பா: நாலு வருஷமாக நேரில்தான்

சித்தி: இங்கே வேண்டாம்

அத்தை: பாயசத்துக்கு நாட்டுச்சர்க்கரை போட்டுவிடுகிறேன், அது ஒன்றும் செய்யாது

மீனா: செய்யும் அத்தை. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரைதான். இந்துப்பும் அப்படித்தான், பெயர்தான் வேறு, அதுவும் உப்புதான். அப்பாவுக்குப் பிரஷரும் இருக்கிறது, நாள் முழுக்க ஒரு டீஸ்பூன் உப்புக்கு மேல் கூடாது.

அத்தை: அண்ணன் பிறந்தநாளுக்கு அம்மா ஒரு வருஷம்கூடப் பாயசம் வைக்காமல் இருந்ததில்லை

கண்ணன்: அரை டம்ளர்

மீனா: கால்

அப்பா: நாளையிலிருந்து எனக்குச் சோறே வேண்டாம். போதுமா

மீனா: அப்பா, கோபப்படாதீர்கள். அப்படிச் செய்யவும் கூடாது. நீங்கள் போடுகிற மாத்திரைக்கு, சோற்றைத் திடீரென்று விட்டால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும். வியர்த்துக் கை நடுங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம், திங்கட்கிழமை டாக்டரிடம் மாத்திரை அளவையும் கேட்டுவிடுகிறேன்.

அம்மா: எல்லோரும் வீட்டிலேயே சமைக்கலாம் என்கிறீர்கள். பதினாறு பேருக்கு யார் காய் நறுக்குவது

அம்மா: ஞாயிறு போகட்டும். மறுநாள் அவருக்குத் தனியாக, எனக்குத் தனியாக யார் வைப்பது

மீனா: தனியாக வேண்டாம் அம்மா. நீயும் அதையே சாப்பிடு, உனக்கும் நல்லது. சனி ராத்திரியே நான் வந்துவிடுகிறேன், புதன் வரை இருப்பேன்.

கண்ணன்: நான் நறுக்குகிறேன்

அம்மா: அரிவாள்மனையில் உட்காரத் தெரியுமா

கண்ணன்: கத்தி இருக்கிறதே

சித்தி: நான் கூட்டுக்கு வறுத்து அரைத்துக் கொண்டு வருகிறேன் அக்கா

அம்மா: பெரிய குக்கரையும் கொண்டு வா. தீபாவளிக்குப் போனது

சித்தி: அப்போதே கொடுத்தனுப்பிவிட்டேனே

அத்தை: மதினி, குக்கர் என்னிடம் இருக்கிறது

அம்மா: சரி

சித்தப்பா: மதுரைக்குக் கொண்டுபோக இரண்டு கிலோ கடலை மிட்டாய் வாங்கி வையுங்கள்

அம்மா: சனிக்கிழமை வாங்கினால் ஞாயிறு வரை இருக்காது. போன வாரப் பொட்டலம் தலையணைக்கு அடியில் இருந்தது

அப்பா: அது பேரனுக்கு வாங்கியது

மீனா: அப்பா 🙏

கண்ணன்: கேட்டரிங்குக்கு 3000 அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. திருப்பித் தருவார்களா

சித்தப்பா: வந்தவர்களுக்காவது பிரியாணி இருக்கட்டுமே

மீனா: அப்பா முன்னால் வைத்துச் சாப்பிட நமக்கு மனசு வருமா? நாளைக் காலை பேசிவிட்டுச் சொல்கிறேன்.

அப்பா: ராத்திரிக்கு என்ன

அம்மா: கொத்தவரங்காய்ப் பொரியல், இரண்டு தோசை

அப்பா: இரண்டுதானா

அத்தை: மீனா, கால் டம்ளர் என்றால் வெல்லமா கருப்பட்டியா