பென்சிலுக்கு முன்னால் பல்லாங்குழி

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்):

பென்சில் பிடிக்கத் திணறும் 4, 5 வயதுப் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சிப் புத்தகத்தை விடப் பல்லாங்குழி நல்லது. அள்ளிய முத்துகளை அதே கையால் குழிக்கு ஒன்றாகப் போட வேண்டும் இல்லையா? நாலு முத்து உள்ளங்கையிலேயே இருக்க, ஒன்று மட்டும் கட்டைவிரல் தள்ளத் தள்ள விரல்நுனிக்கு ஏறி வர வேண்டும். அப்போது மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கி மற்ற முத்துகளைக் காவல் காக்கும். வேலை முழுக்க மீதி மூன்று விரலுக்கு. பென்சில் பிடிக்கும்போதும் கை இப்படித்தான் இரண்டாகப் பிரிகிறது.

பழகாத பிள்ளை இடது கையை உதவிக்குக் கூப்பிடும், அல்லது உள்ளங்கையை நெஞ்சில் அழுத்தி முத்தை நகர்த்தும். திட்ட வேண்டாம், முத்து அதிகம் என்று அர்த்தம். இரண்டே முத்தில் தொடங்குங்கள். அதற்கும் முன்னால் எதிர்த்திசை: ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கைக்குள் சேர்ப்பது. சேர்ப்பது எளிது, வெளியே எடுப்பதுதான் கஷ்டம். முத்தில் தேறிய பிறகு ஒரு ரூபாய்க் காசும் உண்டியலும். காசு தட்டை என்பதால் வழுக்கும்.

3 வயதுக்குள் புளியங்கொட்டை, சோழி, கொண்டைக்கடலை எதுவும் கூடாது. 3.17 செ.மீ. அகலமுள்ள குழாய்க்குள் அடங்குகிற பொருள் தொண்டையை அடைக்கும் என்பதுதான் பொம்மைப் பாதுகாப்புச் சோதனைக் கணக்கு. சின்னதுகளுக்கு இட்லித் தட்டும் பெரிய எலுமிச்சம்பழமும் போதும்.

எல்.கே.ஜி. டீச்சர்:

கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டில் கொடுக்கவே பயப்படுகிறார்கள், கொடுத்தாலும் மெல்லிய நோட்டுத் தாளைக் கொடுக்கிறார்கள். அது வளைந்து மடங்கும், வெட்டாது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைதான் சரி. 2 செ.மீ. அகலத்தில் நீளநீளமாக நறுக்கி வையுங்கள். ஒரே கடியில் ஒரு துண்டு கீழே விழும், பிள்ளைக்கு அதுவே குஷி. அது கைவந்ததும் 5 செ.மீ. பட்டை, பிறகு ஸ்கெட்ச் பேனாவால் போட்ட தடித்த கோடு. வட்டம் கடைசியில், பெரும்பாலும் 5 வயதை ஒட்டி.

கட்டைவிரல் மேல் வளையத்தில், நடுவிரல் கீழ் வளையத்தில், ஆள்காட்டி விரல் வெளியே தாங்கலாக. கட்டைவிரல் கூரையைப் பார்க்க வேண்டும். தரையைப் பார்த்தால் முழங்கை இறக்கை மாதிரி விரியும், வெட்டு கோணும். அக்குளில் ஒரு செய்தித்தாள் சுருளை இடுக்கி "விழாமல் வெட்டு" என்றால் முழங்கை தானாக இறங்கிவிடும். திருப்ப வேண்டியது தாளைத்தான். கத்தரிக்கோல் நேராகவே இருக்கட்டும்.

இடதுகைப் பிள்ளைக்குச் சாதாரணக் கத்தரிக்கோல் கொடுத்துவிட்டு "மந்தம்" என்று சொல்வது அநியாயம். மேல் அலகு கோட்டை மறைக்கும், கை அழுத்துகிற திசையில் அலகுகள் விலகித் தாள் நடுவில் மாட்டிக்கொள்ளும். இடதுகைக் கத்தரிக்கோல் தனியாகக் கிடைக்கிறது. வட்டம் வெட்டும்போதும் வலதுகைக்காரர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போவார், இடதுகைக்காரர் கடிகாரத் திசையில்.

மூன்றாமவர்:

டீச்சர் சொன்னதோடு விரல் பழக விளையாட்டு மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சப்பாத்தி மாவு ஒரே நாளில் புளித்துவிடும். இது சில வாரம் நிற்கும்: மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 டேபிள் ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 2 டேபிள் ஸ்பூன். கட்டியில்லாமல் கரைத்துச் சிறுதீயில் கிளறினால் நாலைந்து நிமிடத்தில் சட்டியை விட்டுச் சுருண்டு வரும். பிசுபிசுப்பு போகும் முன் இறக்கினால் கடைசிவரை கையில் ஒட்டும். மழைக்காலத்தில் உப்பு ஈரம் இழுத்து மாவு வியர்க்கும். ஒரு பிடி மைதா தூவிப் பிசைந்தால் சரியாகும். கையில் கீறல் இருந்தால் எரியும், அன்றைக்கு வேண்டாம். உப்பு மிக அதிகம், தின்ன விடாதீர்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாமல் வையுங்கள்.

இதை உள்ளங்கையில் உருட்டினால் விரலுக்கு வேலையில்லை. சுண்டைக்காய் அளவு உருண்டையை மூன்று விரல்நுனிக்குள்ளேயே உருட்டச் சொல்லுங்கள். பத்து உருண்டையில் கை ஓய்ந்துவிடும், அங்கேயே நிறுத்துங்கள்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்:

கிரேயானை எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருந்தவருக்கு: முழுசாகக் கொடுக்காமல் 2, 3 செ.மீ. துண்டாக உடைத்துக் கொடுங்கள். முஷ்டியால் பிடிக்க நீளம் போதாததால் விரல்நுனியால்தான் பிடித்தாக வேண்டும். தாளைச் சுவரில், பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டினால் மணிக்கட்டு தானாகப் பின்னால் சாயும். எழுதும்போது வேண்டியதும் அந்தச் சாய்வுதான்.

2 வயதில் முஷ்டியால் பிடிப்பது இயல்பு, திருத்த வேண்டாம். 5 வயதிலும் முஷ்டிதான் என்றால் ஒரு தெரபிஸ்டிடம் காட்டிவிடுவது நல்லது. அதைவிட அவசரமானது ஒன்று உண்டு: ஒரு வயது நிறையும் முன்பே குழந்தை ஒரு கையை மட்டும் பயன்படுத்தி, மற்றதை மூடியே வைத்திருந்தால் "இடதுகைப் பழக்கம்" என்று காத்திருக்காதீர்கள். குழந்தைகள் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.